ஏற்றக் கட்டத்தில் முப்பத்தொன்று

ஜனவரி 2, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அளவுகளைக் குறிக்கும் புலப் புத்தகத்தில் ரப்பர் போட்டு அழித்தேன். தப்பாக எழுதிவிட்டால் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்த விதி. தெரிந்தும் அழித்தேன். யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஜனவரி முழுவதும் மெர்செட் பகுதியில் எந்தக் கட்டடம் ஒரு வருடத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. ஏரியை வற்றவைத்துக் கட்டிய ஊர் என்பதால் எல்லாமே இறங்கும். சான் ஓனோஃப்ரே கிறிஸ்தவக் கோயில் படியில் பதித்த பித்தளைக் குமிழ்தான் எங்களுக்குப் பூஜ்யம்; மற்ற எல்லா உயரத்தையும் அதிலிருந்துதான் அளப்போம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கோயிலின் அடியில் தூண்களை இறக்கினார்கள். அது இனி அசையாது என்று ஆபீஸில் எல்லோரும் நம்புகிறோம். நான் மட்டக் கருவியில் கண் வைத்துப் படித்தேன். என்னோடு வேலை செய்யும் நாபோர் அளவுகோலைப் பிடித்தார். முதலில் கோயில் படி, அடுத்து எதிரே டோன்யா சாயோ என்ற அம்மாள் நடத்தும் ரொட்டிக்கடை வாசல்.

போன வருடம் கடை வாசலின் குமிழ் கோயில் குமிழைவிட 412 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. இந்த வருடம் 443 வந்தது. அப்படியானால் கடை 31 மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கிறது.

புத்தகத்தின் கடைசி இரண்டு கட்டங்கள் ஏற்றம், இறக்கம். நான் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. இதுவரை ஏற்றக் கட்டத்தில் ஒரு எண்கூட விழுந்து நான் பார்த்ததில்லை. காலியாகக் கிடக்கிறதே என்று நாபோர் அதில் மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கு எந்தச் சட்னி வைத்த டாக்கோ என்று குறித்து வைப்பார். இன்றைய பக்கத்திலும் "இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு" என்று இருந்தது. அதற்குக் கீழே நான் 31 என்று எழுதினேன்.

நாபோர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஒல்லி, முப்பத்தோரு டாக்கோவா? யாருக்கு?"

"கடை ஏறியிருக்குன்னு வருது, நாபோர்."

"ஏறுதா? டோன்யா சாயோ மாவுல ஈஸ்ட்டை அதிகமாப் போட்டுட்டாங்க போல." அவர் சிரித்துவிட்டு அளவுகோலை மடக்கினார். "இந்த ஊர்ல மேல போறது விலைவாசி மட்டும்தான். திருப்பிப் போட்டிருப்பே, பாரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கணக்கை நம்புவதா, ஊர் முழுக்க நம்புவதை நம்புவதா என்றால் நான் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். 31ஐ அழித்துவிட்டு இறக்கக் கட்டத்தில் எழுதினேன். திரும்ப அளந்திருக்க வேண்டும். மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது, பசி.

மாலை ஏழு மணிக்கு நூலக மாடியில் வரலாற்று வகுப்பு. எட்டுப் பேர் வந்திருந்தோம். ஆசிரியர் உலிசேஸ் என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். தொண்டை கட்டியிருந்ததால் பலகையில் எழுதிக் காட்டினார்: "ஒரு பேரரசு எப்போது விழுந்தது? தேதியோடு ஒரு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்."

பஸ் ஓட்டும் ரெமேடியோஸ் கையைத் தூக்கினார். "ஆயிரத்து ஐந்நூத்தி இருபத்தொண்ணு, ஆகஸ்ட் பதிமூணு. முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போலாமா சார்?"

"அது ஸ்பானியர்கள் இந்த நகரத்தைப் பிடிச்ச தேதிங்க. பேரரசு அன்னிக்கே விழுந்துருச்சா?" என்றார் உலிசேஸ், கரகரத்த குரலில்.

"நகரமே போன பிறகு பேரரசு என்னத்துக்கு? பஸ் இல்லாத டிரைவர் மாதிரி ரோட்டுல நிக்கவா?"

பின்வரிசைத் தையல்காரர் சொன்னார்: "நான் ஸ்பானியர்கள் போன பிறகு வந்த அந்தப் பத்து மாசப் பேரரசை எடுத்துக்கறேன். எழுதறதுக்குக் கம்மி."

"பத்து மாசமா? என் மொதக் கல்யாணமே அதவிட நீளம்," என்றார் ரெமேடியோஸ்.

சிரித்துக்கொண்டே வீடு வந்தேன். எந்தப் பேரரசு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜனவரி 3, செவ்வாய்

நேற்று எழுதியது சின்னத் தவறா என்று இப்போது தெரியவில்லை.

காலையில் எங்கள் இன்ஜினியர் கிரிசெல்டா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வருடத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிய கட்டடத்தில் சிவப்புத் தாள் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு இரண்டு நாளில் காலி செய்துவிட வேண்டும், ஆய்வு முடியும்வரை கதவு திறக்கக் கூடாது. ரொட்டிக்கடையின் எண் 31. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் அதிகம். கிரிசெல்டா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம்.

மதியம் நாபோரும் நானும் பசை டப்பாவோடு போனோம். கடைக்குள் ஆரஞ்சுத் தோலும் வெண்ணெயும் கலந்து வாசனை தூக்கியது. சுவரோரம் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள், வீடுதோறும் வளைய ரொட்டி வெட்டும் நாள். முந்நூற்று எண்பது வளைய ரொட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஐந்தாம் தேதி பகலிலும் இரவிலும் சுட வேண்டியவை. தாளில் போட்டிருந்த கெடு ஐந்தாம் தேதி மதியம் பன்னிரண்டு மணி.

டோன்யா சாயோ தாளை இரண்டு முறை படித்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை மாவு. கடைக்கு வரும் பெண்கள் எல்லோரையும் ராணி என்றுதான் கூப்பிடுவார்.

"அஞ்சாம் தேதியா? என் ராணி, மூணு ராஜாக்களும் ஒட்டகத்துல வந்து நின்னு ரொட்டி எங்கேன்னு கேட்டா நீ பதில் சொல்லுவியா?"

"நாங்க ஒட்டறவங்க, டோன்யா. எழுதறவங்க இல்ல," என்றார் நாபோர்.

"அப்ப எழுதினது யாரு?"

நாபோர் கூரையைப் பார்த்தார். "நான்தான்," என்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். வேலை மேஜைமேல் பெரிய தகரத் தட்டில் சர்க்கரைப் பாகு இருந்தது. ஒரு பக்கமும் சாயாமல் கண்ணாடி மாதிரி நின்றது.

"இந்த மேஜை எங்கப்பா போட்டது. ஒரு காலுக்குக்கூட அட்டை வெச்சதில்ல. கடை இறங்கியிருந்தா பாகு ஒரு மூலைக்கு ஓடணும்ல?"

"கடை மொத்தமும் ஒண்ணா இறங்கினா தட்டு சாயாதுங்க. அதனால இது சாட்சியாகாது."

"நல்லவேளை, நீ வக்கீலுக்குப் படிக்கல." அவர் அடுப்புப் பள்ளத்துக்கு இறங்கும் படியைக் காட்டினார். "வா. ஆனா பாத்துட்டு வாயை மூடிக்கணும்."

கீழே அடுப்பின் பின்புறம் மாவு மூட்டைகள் இருந்தன. இரண்டை நகர்த்தினார். அதற்குப் பின்னால் கறுப்பும் சிவப்புமாகப் பெரிய கற்கள், சுண்ணாம்பு வைத்து இறுக்கிய சுவராக நின்றன. நேராக இல்லை, சரிவாக மேலே ஏறியது. ஓர் இடத்தில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இந்த ஊரை ஆண்ட மெஷிகா மக்களின் கோயில் அடிமேடை என்று பார்த்ததும் தெரிந்தது. அருங்காட்சியகத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது, இங்கே மைதா மூட்டைக்குப் பின்னால் இருந்தது.

"அடுப்புக்குத் தோண்டினப்ப அப்பா கண்ல பட்டுச்சு. சொன்னா அகழ்வாராய்ச்சிக்காரங்க வந்து சுத்தி நூல் கட்டிருவாங்க. மெர்செட்டுல தோண்டினவங்க எல்லாரும் பாத்துட்டு மூடினவங்கதான், ராணி. தொட்டுப் பாரு."

தொட்டேன். அடுப்புச் சூட்டில் கல் வெதுவெதுப்பாக இருந்தது.

"இது இறங்குமா?" என்று கேட்டார்.

"எல்லாம் இறங்கும்," என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

தாளை ஒட்டிவிட்டுத்தான் வந்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து போட்டேன். கடை ஏறவில்லை, ஏறாது. ஆனால் நான் கடையை எதிலிருந்து அளந்தேன்? கோயில் படியிலிருந்து. அந்தப் படி இறங்கியிருந்தால், அதிலிருந்து பார்க்கும்போது கடை ஏறினதுபோலத்தான் தெரியும். 443 சரியாக இருக்கலாம். அழித்தது தப்பாக இருக்கலாம். இதுவும் தப்பாக இருக்கலாம். காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 4, புதன்

7.10க்கு கிரிசெல்டாவின் மேஜை முன் நின்றேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் வரிசை போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை.

"அழிச்சியா? ரப்பராலயா? இந்த ஆபீஸுக்குள்ள ரப்பரை யாருடி விட்டது?"

"நான் கொண்டுவந்தது, இன்ஜினியர்."

"முந்நூத்தி எண்பது குடும்பம் நாளன்னிக்கு ரொட்டியில்லாம உக்காந்தா உன் ரப்பரை வெட்டிக் குடுப்பியா?"

கடை ஏறியதாக ஏன் வந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர் அலமாரிக்குப் போய்ப் பழைய புத்தகங்களை எடுத்துவந்தார். போன வருடப் பக்கத்தில் ரொட்டிக்கடையின் பெயருக்கு நேரே இறக்கம் 14 என்று இருந்தது. புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தார். ஏற்றக் கட்டத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. அங்கேயும் யாரோ ரப்பர் தேய்த்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் இறக்கம் 8. அதே கட்டத்தில் அதே தேய்ப்பு.

அந்த எட்டின்மேல் அவர் விரலை வைத்தார். வால் நீட்டிய எட்டு, ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த எட்டு. இன்ஜினியர் ஆவதற்கு முந்தைய வருடம் அவரே மட்டக் கருவி தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"நான்தான்," என்றார். பிறகு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். "இந்த ஊர்ல எதுடி மேல போகும்னு நானும்தான் நெனச்சேன். நாபோர்! கருவியை எடுங்க. கோயிலை நம்பாம அளக்கணும்."

சந்தைக்குப் பின்னால் உள்ள சின்னச் சதுக்கத்தில் ஓர் ஆழ்கிணற்றின் இரும்புக் குழாய் நிற்கிறது. அதன் அடி கெட்டியான மண்ணில் ஊன்றியிருப்பதால் அது இறங்குவதில்லை. சுற்றியுள்ள தரை இறங்க இறங்க, குழாய் வளர்வதுபோலத் தெரியும்.

"ஆறு வயசுல இதுமேல உக்காந்து ஐஸ் தின்னுருக்கேன்," என்றார் நாபோர், தன் நெற்றி உயரத்தில் இருந்த குழாய் வாயைத் தட்டி. "நானும் வளர்ந்தேன், இதுவும் வளர்ந்துச்சு. ஆனா இதுக்குத் தொப்பை போடல."

போன வருடம் அளந்தவர்கள் வேலை முடிந்ததும் சரிபார்ப்பதற்காக இந்தக் குழாயின் சிவப்புக் கோட்டையும் ஒருமுறை படித்திருந்தார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. போன வருடம் சிவப்புக் கோடு கோயில் குமிழைவிட 2310 மில்லிமீட்டர் உயரம். இன்று அளந்தோம். 2362. போன வழியிலேயே திரும்பி வந்து மறுபடி அளந்தோம். 2362.

கோயில் 52 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. ரொட்டிக்கடை 21. இரண்டுக்கும் வித்தியாசம் 31. எதுவும் ஏறவில்லை. ஒன்று மெதுவாக இறங்கியது, நாங்கள் வேகமாக இறங்குவதில் ஏறி நின்றுகொண்டு அதைப் பார்த்திருக்கிறோம்.

கடைக்கு 21 என்பதால் சிவப்புத் தாள் தேவையில்லை; கோயிலுக்கு ஒட்டுவதா என்பதைச் சனிக்கிழமை அதன் நான்கு மூலைகளையும் அளந்த பிறகு முடிவு செய்யலாம் என்றார் இன்ஜினியர். கிரிசெல்டா அங்கேயே, குழாயின்மேல் காகிதத்தை வைத்து, ரத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார். நான் கடைக்கு ஓடினேன். ஓடியிருக்கத் தேவையில்லை, கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆனாலும் ஓடினேன்.

தாள் நன்றாக ஒட்டியிருந்தது, வரவில்லை. டோன்யா சாயோ மாவு சுரண்டும் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒட்டும்போது இவ்வளவு பசை எதுக்கு, ராணி? திரும்பி வந்து கிழிப்போம்னு ஒரு நம்பிக்கை வேணாமா?"

"பசை என் வேலை இல்லைங்க. நாபோர்."

"அவர் கஞ்சத்தனமே இல்லாத ஆளு." பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "கீழ பாத்ததை எழுதினியா?"

எழுதவில்லை என்றேன். கிரிசெல்டாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர், "நான் உயரத்தை அளக்கறவ, உயரத்துக்கு அடியில என்ன இருக்குங்கறது வேற ஆபீஸ். ஆனா அவங்களாப் போய்ச் சொன்னா நல்லது" என்றிருந்தார். அதையும் டோன்யா சாயோவிடம் சொன்னேன்.

"சொல்றேன். கண்டெலாரியா திருநாள் முடியட்டும். பிப்ரவரி ரெண்டு வரைக்கும் எனக்கு மூச்சுவிட நேரமில்ல. ஐந்நூறு வருஷம் காத்திருந்த கல்லு, ஒரு மாசம் காத்திருக்காதா?"

மாலை வகுப்புக்குப் போனேன். பாடம் எதுவும் மனதில் ஏறவில்லை. சந்தோஷமாக இருந்தது. பெஞ்சில் தூங்கிவிட்டேன் என்று ரெமேடியோஸ் சொல்கிறார்.

ஜனவரி 5, வியாழன்

மாலையில் வேலை முடிந்து அந்தப் பக்கம் போனேன். கடை வாசலில் தொடங்கிய வரிசை தெருவைத் தாண்டி, சான் ஓனோஃப்ரேயின் படி வரை நீண்டிருந்தது. கால் வலித்தவர்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பித்தளைக் குமிழ்மேல் ஒரு குழந்தை தன் பலூன் நூலைச் சுற்றி வைத்திருந்தது. வகுப்புக்காக ஒரு ரொட்டி வாங்கினேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 6, வெள்ளி

வகுப்பில் ரொட்டி வெட்டினோம். உலிசேஸ் சாக்லேட் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார், தொண்டையும் சரியாகியிருந்தது. கத்தி கையிலிருந்து கைக்குப் போனது. ரொட்டிக்குள் ஒளித்து வைத்த பொம்மைக் குழந்தை யாருக்கு வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமாலே, அதாவது மக்காச்சோள மாவை இலையில் சுற்றி வேகவைத்த கொழுக்கட்டை, கொண்டுவர வேண்டும். அதனால் எல்லோரும் ரொம்ப மெல்லிய துண்டாக வெட்டினார்கள். தையல்காரர் வெட்டிய துண்டின் வழியாக ஜன்னலைப் பார்க்கலாம்.

வீட்டுப்பாடத்தை அவரவர் படித்தோம். என்னுடையது ஒரு பக்கம்கூட வரவில்லை. கடைப் பெயரை விட்டுவிட்டு இப்படி எழுதியிருந்தேன்:

"1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் பிடிபட்டது. பிடித்தவர்கள் ஒரு கோயிலின் மேல்கற்களைப் பெயர்த்து, எதிர்ப்பக்கம் தங்கள் கோயிலைக் கட்டினார்கள். அடிமேடையைப் பெயர்க்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் புதியவர்களின் பேரரசும் முந்நூறு வருடத்தில் போனது. இரண்டு பேரரசின் கற்களும் ஒரே தெருவில் இருக்கின்றன. சென்ற ஆண்டு பழைய மேடை 21 மில்லிமீட்டர் இறங்கியது, அதன்மேல் கட்டிய கோயில் 52. இரண்டும் இன்னும் இறங்கி முடிக்கவில்லை. ஆகவே என்னால் தேதி போட முடியவில்லை. தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்."

படித்ததும் ஒரு தப்பு கண்ணில் பட்டது. கோயில் மேடையின்மேல் இல்லை, எதிரே, வெறும் ஏரிச் சேற்றின்மேல் இருக்கிறது. "அதன்மேல்" என்பதன் குறுக்கே பேனாவால் கோடு போட்டு, "அதன் கற்களால்" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

"கேட்டது தேதி," என்றார் உலிசேஸ். தாளை மறுபடி வாங்கிப் பார்த்தார். "பரவாயில்ல. இந்த எண்களை எங்கிருந்து எடுத்தீங்க?"

"நாங்க அளந்தது."

"எந்த மேடை, எங்க இருக்கு?" என்று தையல்காரர் கேட்டார்.

ரெமேடியோஸ் வாய் நிறைய ரொட்டியோடு கையை ஆட்டினார். "சொல்லாத பொண்ணே, சொல்லாத. எனக்கென்னவோ அந்தப் பேரரசு மேல சுட்டதைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன்னு தோணுது. நல்லா இருக்கு. கெடுத்துராத."

அப்போதுதான் என் பல்லில் கடினமாக ஏதோ பட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக் குழந்தை, கட்டைவிரல் நகத்தளவு. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள்.

"பச்சை மிளகாய் போட்டது பாதி, இனிப்பு பாதி," என்றார் ரெமேடியோஸ். "எண்ணிக்கையை எழுதி வெச்சுக்க. ரப்பர் வெச்சிருக்கியா?"

ரப்பர் கதையை இவரிடம் சொன்னது நாபோராகத்தான் இருக்க வேண்டும். இவருடைய பஸ்ஸில்தான் அவர் வேலைக்கு வருகிறார்.

வீட்டுக்கு வந்ததும் பொம்மையை மேஜைமேல், இந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினாறு தமாலே, ஆளுக்கு இரண்டு. உலிசேஸை எண்ண மறந்துவிட்டேன், பதினெட்டு.

நாளை, சனி: 7 மணிக்குக் கிணற்றுக் குழாயில் ஆரம்பித்து, சான் ஓனோஃப்ரேயின் நான்கு மூலைகளையும் அளக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை. வந்த எண்ணை வந்த கட்டத்தில் எழுத வேண்டும். பேனா மட்டும் எடுத்துப் போக வேண்டும்.